எஞ்சினுக்கும் ஒரு ஸ்லீவ்!

"ஸ்லீவ்" என்றதும் நமக்கெல்லாம் ரவிக்கையின் கைதான் நினைவுக்கு வரும். நீளக் கை, அரைக் கை, பஃப் கை, கையே இல்லாத கை என்று அதில் எத்தனை ரகம் உண்டென்பதைச் சகோதரிகளுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தையற்காரர் கொஞ்சம் பிடித்துத் தைத்துவிட்டால் நாள் முழுவதும் தோள் வலி, கொஞ்சம் விட்டுத் தைத்துவிட்டாலோ, பார்ப்பவர்கள் "இரவல் ரவிக்கையா?" என்று கேட்கிறார்கள். எஞ்சினுக்கும் ஸ்லீவ் உண்டு. அதிலும் இதே சங்கடந்தான். ஆனால் அங்கே கணக்கு அங்குலத்தில் இல்லை. ஒரு தலைமுடியின் கனத்தில்!

குடும்பப் பத்திரிகையில் எஞ்சினுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஒரு வாசகியின் கடிதந்தான் காரணம். அவர் பிறந்தது கடலோரக் குப்பம், வாழ்க்கைப்பட்டது பட்டணத்தில், ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. தம்பி ஊரிலேயே ஃபைபர் படகு வைத்து மீன் பிடிக்கிறான். படகின் பின்புறத்தில் மாட்டுகிறார்களே, அந்த "அவுட்போர்டு" எஞ்சின், கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் திடீரென்று இறுகிப்போய் நின்றுவிட்டதாம். நல்லவேளை, வேறொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்து கரை சேர்த்தது. மேலே அவர் எழுதுவதைக் கேளுங்கள்:

"'புது எஞ்சின் வாங்கினால்தான் பிழைப்பு நடக்கும், அக்கா. உன் வளையல் இரண்டையும் கொடு, அடகு வைத்து ஒரு வருஷத்தில் மீட்டுத் தருகிறேன்' என்கிறான் தம்பி. பட்டறைக்காரரோ, 'புதுசு எதற்கம்மா? ஸ்லீவ் மாற்றினால் பழையபடி ஓடும்' என்கிறார். எதிர் வீட்டுப் பெரியவர், 'ஒட்டுப் போட்ட எஞ்சினை நம்பிக் கடலுக்கு அனுப்பாதே' என்கிறார். வளையலைவிட எனக்குத் தம்பியின் உயிர் பெரிது. ஆனால் அந்த வளையலும் லேசில் வந்ததில்லை. நான் யார் பேச்சைக் கேட்பது?"

யார் பேச்சையும் கேட்பதற்கு முன்னால், ஸ்லீவ் என்பது என்ன, அதை எப்படிப் போடுகிறார்கள் என்று தெரிந்துகொள்வோம். தெரிந்துகொண்டால், கேட்க வேண்டிய கேள்வியே வேறு என்பது விளங்கும்.

குழலுக்குள் ஒரு குழல்

சின்னப் படகு எஞ்சினின் வயிற்றுக்குள்ளே சிலிண்டர் என்று ஒரு குழல் இருக்கிறது. அதற்குள் பிஸ்டன் மேலும் கீழுமாக ஓடுகிறது. எஞ்சின் நிமிஷத்துக்கு 5000 சுற்றுச் சுற்றினால், பிஸ்டன் ஒரு விநாடிக்கு 83 தடவை மேலே போய்க் கீழே வருகிறது. அந்த வேகத்தில் நாலு மணி நேரம் ஓட்டினால் 12 லட்சம் தடவை! அத்தனை தடவையும் அந்தக் குழலின் சுவரை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். போதாக்குறைக்கு, ஒவ்வொரு சுற்றிலும் மேலே எண்ணெய்ப் புகை கலந்த பெட்ரோல் வெடித்து எரிகிறது. அந்தக் கண நேரத்தில் தீயின் உஷ்ணம் 2000 டிகிரி சென்டிகிரேடையும் தாண்டிவிடும்.

எஞ்சினின் உடம்பை அலுமினியத்தில் வார்க்கிறார்கள். அலுமினியம் லேசானது, சூட்டைச் சட்டென்று வாங்கி வெளியே கடத்துவது. நம் அடுப்படியிலேயே பார்க்கிறோமே! ஆனால் உரசலுக்குத் தாங்காது, மென்மையான உலோகம். வார்ப்பிரும்போ உரசலுக்கு அஞ்சாதது, ஆனால் கனம். என்ன செய்தார்கள்? எஞ்சினின் உடம்பை அலுமினியத்தில் செய்து, பிஸ்டன் உரசுகிற இடத்தில் மட்டும் ஒரு மெல்லிய வார்ப்பிரும்புக் குழலைச் செருகிவிட்டார்கள். அதுதான் ஸ்லீவ். "லைனர்" என்றும் சொல்வதுண்டு. ரவிக்கைக்கு உள்ளே லைனிங் வைத்துத் தைப்பதுபோலத்தான்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. இப்படிப்பட்ட எஞ்சின்கள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே ஸ்லீவுடன்தான் வருகின்றன. ஆகவே, ஸ்லீவ் மாற்றுவது என்பது கிழிசலுக்கு ஒட்டுப் போடுகிற வேலை அல்ல; தேய்ந்துபோன லைனிங்கைப் பிரித்து எடுத்துவிட்டுப் புது லைனிங் வைக்கிற வேலை. எதிர் வீட்டுப் பெரியவர் இந்த மட்டில் கவலைப்பட வேண்டாம்.

(எல்லா எஞ்சினிலும் இரும்பு ஸ்லீவ் இருக்கும் என்பதில்லை. அலுமினியத்தின் மேலேயே நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் கலந்து மெல்லிய முலாம் பூசுகிற முறை ஒன்றும் உண்டு. ஜெர்மனியின் மாலே கம்பெனி 1967-ம் ஆண்டில் கண்டுபிடித்தது. "நிகாசில்" என்று பெயர். அது சேதமானால் மறுபடி முலாம் பூச வேண்டும். அல்லது குடைந்துவிட்டு இரும்பு ஸ்லீவ் போட வேண்டும்.)

ஐஸ்கிரீம் கரைந்த கதை

படகுக்குப் பின்னால் எஞ்சினை மாட்டுகிற யோசனைக்குப் பின்னாலும் ஒரு பெண் இருக்கிறார் என்றால் ஆச்சரியமாக இல்லையா? நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர் ஓலே எவின்ரூட். ஒரு கோடை நாளில் ஏரியில் உல்லாசமாகப் பொழுதுபோக்கப் போனவர்கள், ஐஸ்கிரீம் வேண்டுமென்று ஆசைப்பட்டார்களாம். ஆசைப்பட்டவர் ஓலே மணந்துகொள்ளவிருந்த பெஸ். ஓலே துடுப்புப் போட்டு அக்கரைக்குப் போய் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் ஐஸ்கிரீம் பாலாகக் கரைந்துவிட்டது என்று கதை சொல்வார்கள். அவர் 1909-ம் ஆண்டில் மில்வாக்கி நகரத்தில் படகு எஞ்சின்களைச் செய்து விற்கத் தொடங்கினார். கம்பெனியின் கணக்கையும் கடிதங்களையும் கவனித்துக்கொண்டவர் பெஸ்தான். "துடுப்பைத் தூக்கி எறியுங்கள்!" என்கிற கருத்தில் அவர் எழுதிய விளம்பரந்தான் எஞ்சினை ஊர் ஊராகக் கொண்டுபோயிற்று.

அந்தப் பெயரில் வந்த எஞ்சின்களின் உற்பத்தி 2020-ம் ஆண்டில் நின்றுவிட்டது. ஆனாலும் அவை உலகத்தின் பல நீர்நிலைகளில் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கின்றன. செய்கிற கம்பெனி நின்றாலும் எஞ்சின் நிற்காமல் இருக்க வேண்டுமானால், பழுது பார்க்கிற கலை பிழைத்திருக்க வேண்டும் அல்லவா? அந்தக் கலைக்கு வருவோம்.

எப்போது ஸ்லீவ்?

சிலிண்டர் தேய்ந்தவுடனே ஸ்லீவ் மாற்றிவிடுவதில்லை. முதலில் அதைக் கால் மில்லிமீட்டரோ அரை மில்லிமீட்டரோ கூடுதலாகக் கடைந்து, அந்த அளவுக்குப் பெரிய பிஸ்டன் போடுவார்கள். "போரிங்" என்பது இதுதான். வளர்கிற பெண்ணுக்குப் பாவாடையின் மடிப்பைப் பிரித்து விடுகிறோமே, அதுபோல. மடிப்பெல்லாம் தீர்ந்தபின், அதாவது கம்பெனி விற்கிற பிஸ்டன்களில் மிகப் பெரிய அளவையும் தாண்டிவிட்ட பின், புது ஸ்லீவ் தேவை. ஸ்லீவில் விரிசல் கண்டாலும், ஆழமாகக் கீறல் விழுந்தாலும் அப்படியே.

பழைய ஸ்லீவ் அலுமினியத்தோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருந்தால் பிடுங்கினால் வராது. யந்திரத்தில் வைத்துக் கடைந்து கடைந்து, காகிதம் போலாக்கித்தான் எடுக்க வேண்டும். அதன் பிறகு அந்த அலுமினியக் குழியை மேலே, நடுவே, கீழே என்று பல இடங்களில், குறுக்கும் நெடுக்குமாக அளக்கிறார்கள். குழி முட்டை வடிவமாக இருந்தாலும், மேலே அகன்று கீழே குறுகி இருந்தாலும், புது ஸ்லீவ் அங்கங்கே மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். தொடாத இடத்தில் சூடு வெளியே போக வழியில்லை. அங்கே கொதித்து, பிஸ்டன் மறுபடியும் இறுகிவிடும்.

வண்டிச் சக்கரத்தின் ரகசியம்

இப்போது வேடிக்கையான கட்டம். ஸ்லீவின் வெளி விட்டத்தைக் குழியைவிடப் பெரிதாகச் செய்கிறார்கள்! பெரிதை எப்படிச் சிறிதுக்குள் நுழைப்பது?

மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. சக்கரத்தைவிடச் சற்றுச் சிறிதாக இரும்புப் பட்டையை அடித்து, வறட்டித் தீயில் பழுக்கக் காய்ச்சுவார்கள். பட்டை விரியும். சக்கரத்தின் மேல் மாட்டித் தண்ணீரை ஊற்றினால் "சுர்ர்" என்று சுருங்கி, ஜன்மத்துக்கும் விடாமல் பிடித்துக்கொள்ளும். "சூடாக்கினால் உலோகம் விரிந்து, நடுவில் உள்ள ஓட்டை சிறிதாகிவிடாதா?" என்று சிலர் கேட்பதுண்டு. ஆகாது. வளையம் முழுவதும் விரியும்போது ஓட்டையும் கூடவே விரிகிறது. இறுகிப்போன பாட்டில் மூடியை வெந்நீரில் காட்டித் திறக்கிறோமே, அங்கே நடப்பதும் அதுதான்.

கணக்கைப் பாருங்கள். ஸ்லீவின் வெளி விட்டம் 80 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். குழி அதைவிட 0.08 மில்லிமீட்டர் சிறிது. ஏறக்குறைய ஒரு தலைமுடியின் கனம். எஞ்சினின் அலுமினிய உடம்பிலிருந்து ரப்பர், பேரிங் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, சூளைப் பெட்டியில் வைத்து, இருந்த சூட்டைவிட 200 டிகிரி அதிகமாக ஏற்றினால், குழி 0.37 மில்லிமீட்டர் விரிகிறது. ஸ்லீவை அதே சமயம் ஃபிரிஜ்ஜின் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தால் அது 0.04 மில்லிமீட்டர் சுருங்குகிறது. ஆக, இறுக்கம் போய், நாலு தலைமுடிக் கனம் இடைவெளி கிடைத்துவிடுகிறது. ஸ்லீவ் தன் கனத்திலேயே வழுக்கிக்கொண்டு இறங்குகிறது.

(கேக் சுடுகிற அவனில் வைத்தால் என்ன என்று கேட்காதீர்கள். எண்ணெய் ஊறிய எஞ்சினை வைத்த அவனில் அப்புறம் யார் கேக் சாப்பிடுவது? தீக்குழாயால் ஒரு பக்கம் மட்டும் காய்ச்சுவதும் கூடாது, அலுமினியம் கோணிப்போகும்.)

இறங்குகிறதே தவிர, யோசிக்க அவகாசம் இல்லை. சூடான உடம்பைத் தொட்டதும் ஸ்லீவும் சூடேறி விரிகிறது. சில விநாடிகளில் பிடித்துக்கொள்கிறது. இந்த "டூ ஸ்ட்ரோக்" எஞ்சினில், சுவரிலேயே ஜன்னல்கள் இருக்கின்றன. பெட்ரோல் கலவை உள்ளே வருவதும் புகை வெளியே போவதும் அவற்றின் வழியாகத்தான். ஸ்லீவின் ஜன்னலும் உடம்பின் ஜன்னலும் நேருக்கு நேர் பொருந்த வேண்டும். கொஞ்சம் திரும்பி உட்கார்ந்துவிட்டால் முடிந்தது. மறுபடி கடைந்துதான் எடுக்க வேண்டும். அதனால் நிபுணர்கள் முன்கூட்டியே இரண்டிலும் கோடு கிழித்து அடையாளம் செய்துகொள்வார்கள். ஸ்லீவின் தலையில் உள்ள விளிம்பு குழியின் படியில் அழுந்த உட்காரும்படி, ஆறுகிற வரையில் மேலே பாரம் வைப்பார்கள்.

இவ்வளவு இறுக்கம் எதற்கு? எஞ்சின் ஓடிச் சூடேறும்போது அலுமினியம் இரும்பைப்போல் இரண்டு மடங்கு விரிகிறது. நாம் சொன்ன அளவுள்ள எஞ்சின் 60 டிகிரி சூடேறினால், 0.08 மில்லிமீட்டர் பிடிப்பில் ஏறக்குறைய 0.06 தளர்ந்துவிடும். மிஞ்சுவது 0.02 தான்! பட்டறையில் "கையால் தள்ளினாலே போய்விட்டது, சுலபமாக முடிந்தது" என்று யாராவது பெருமைப்பட்டால், கடலில் அந்த ஸ்லீவ் ஆட்டம் கண்டு, ஜன்னல்களை அடைத்துக்கொண்டு நிற்கும். ரொம்ப இறுக்கினாலும் ஆபத்து, அலுமினியம் வெடித்துவிடும். தையற்காரரின் சங்கடம் என்று முதலில் சொன்னோமே, அது இதுதான்.

அம்மி கொத்துவது போல்

ஸ்லீவ் உட்கார்ந்துவிட்டால் வேலை முடிந்ததாக அர்த்தமில்லை. ஆறியபின் மேல் தளத்தைச் சமமாக்க வேண்டும். பிறகு உள்ளே கடைய வேண்டும். எந்த அளவுக்கு? புத்தகத்தில் பார்த்த அளவுக்கு மட்டும் அல்ல; மாட்டப்போகிற பிஸ்டனைக் கையில் வைத்து அளந்து, அந்தப் பிஸ்டனுக்குக் கம்பெனி சொல்லியிருக்கிற இடைவெளி விட்டுக் கடைய வேண்டும். ஆள் இல்லாமல் ரவிக்கைக்கு அளவு எடுக்க முடியுமா? ஜன்னல்களின் கூரான ஓரங்களையும் மழுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பிஸ்டனின் ரிங்குகள் அதில் மாட்டி முறிந்துவிடும்.

கடைசியில் "ஹோனிங்". சாணைக் கற்களைச் சுழற்றி, சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் போடுகிறார்கள். கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருப்பது நல்லதல்லவா என்றால், இல்லை! அம்மி வழவழத்துப் போனால் மசாலா வழுக்கிக்கொண்டு போகிறது. கொத்திவிட்டால்தான் பிடித்து அரைபடுகிறது. அதேபோல இந்தக் கோடுகளில்தான் எண்ணெய் தங்கி நிற்கிறது. எண்ணெய் தங்காத சுவரில் பிஸ்டன் ஓடாது.

அதன் பிறகு ஸ்நானம். ஹோனிங் செய்த கல்தூள் கோடுகளுக்குள் புகுந்துகொண்டிருக்கும். பெட்ரோலால் துடைத்தால் முழுவதும் போகாது. வெந்நீரும் சோப்பும் போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தால் துணி வெள்ளையாகவே இருக்க வேண்டும். உலர்ந்தவுடன், துருப் பிடிப்பதற்குள், எண்ணெய் பூச வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கை வெந்நீரும் சோப்பும்தான் போக்கும் என்பது நமக்குத் தெரிந்த விஷயந்தான். ஆனால் அவசரத்தில் பட்டறைகளில் விட்டுப்போவது இதுதான். கழுவாத சிலிண்டரில் புதுப் பிஸ்டனை ஓட்டுவது, மணலைப் போட்டு அரைப்பதற்குச் சமானம்.

முதல் ஸ்லீவ் ஏன் போயிற்று?

நிற்க. ஆசிரியைச் சகோதரி கேட்டது, "ஸ்லீவ் போடலாமா, புது எஞ்சின் வாங்கலாமா?" என்று. பட்டறைக்காரரிடம் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறொன்று: "முதல் ஸ்லீவ் எதனால் போயிற்று?"

இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காமல் புது ஸ்லீவ் போட்டாலும் சரி, புது எஞ்சினே வாங்கினாலும் சரி, வந்த வியாதி மறுபடியும் வரும். பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்று.

முதலாவது, தண்ணீர். இந்த எஞ்சின்கள் கடல் நீரையே உறிஞ்சிச் சூட்டைத் தணித்துக்கொள்கின்றன. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. வெந்நீர்த் தவலையில் காரை படிவதுபோல, எஞ்சினின் தண்ணீர்ப் பாதைகளில் உப்புப் படிந்து அடைத்துவிடுகிறது. தண்ணீரை இழுக்கிற சின்ன ரப்பர்ச் சக்கரம் கிழிந்திருந்தாலும் அப்படியே. ஓடும்போது எஞ்சினின் பக்கத்திலிருந்து ஒரு சிறு தாரை பீச்சிக்கொண்டிருக்கும். அது எஞ்சினின் நாடித் துடிப்பு. தாரை தளர்ந்தால் உடனே எஞ்சினை நிறுத்திவிட வேண்டும்.

இரண்டாவது, எண்ணெய். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் மசகெண்ணெய்க்குத் தனித் தொட்டி இல்லாத ரகங்களில், பெட்ரோலோடு கலந்து ஊற்றுவதுதான் பிஸ்டனுக்குக் கிடைக்கிற ஒரே எண்ணெய். "கொஞ்சம் குறைத்து ஊற்றினால் மிச்சம்" என்று பார்த்தால், மிச்சம் பிடித்தது ஸ்லீவின் விலையில் போய்விடும்.

மூன்றாவது, காற்று. எங்கேயாவது ரப்பர் சீலில் கசிவு இருந்து, கூடுதல் காற்று உள்ளே நுழைந்தாலும், கார்புரேட்டரின் நுண்துளையில் அழுக்கு அடைத்திருந்தாலும், பெட்ரோல் குறைந்து எஞ்சின் அளவுக்கு மீறிக் கொதிக்கிறது. சிலிண்டர் வெந்துபோகிறது.

பழைய பிஸ்டனைத் தூக்கி எறிவதற்கு முன், அதைக் கையில் வைத்துக்கொண்டு காரணத்தைச் சொல்லத் தெரிந்தவரே நல்ல பட்டறைக்காரர். எந்தப் பக்கம் உரசியிருக்கிறது, தலை உருகியிருக்கிறதா, கருகியிருக்கிறதா என்பதெல்லாம் அவருக்கு டாக்டரின் எக்ஸ்ரே படம் மாதிரி.

ஆகவே, சகோதரி! வளையலைக் கழற்றுவதற்கு முன்னால், தம்பியுடன் பட்டறைக்கு ஒரு நடை போய் வாருங்கள். எதனால் இறுகியது? குழியை அளந்து பார்த்தீர்களா? எத்தனை பிடிப்பு வைக்கப்போகிறீர்கள்? பிஸ்டன் வந்த பிறகுதானே கடைவீர்கள்? கடைசியில் சோப்பு போட்டுக் கழுவுவீர்களா? இந்த ஐந்தையும் கேளுங்கள். பதில் தயங்காமல் வந்தால் தைரியமாக ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். புது எஞ்சினின் விலையில் அது ஒரு சிறு பங்குதான். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கம்மா?" என்று பதில் வந்தால் வேறு பட்டறை பாருங்கள். எஞ்சினின் உடம்பிலேயே பெரிய விரிசல், அல்லது அடியில் உள்ள சுழல் தண்டும் அது உட்காருகிற இடமும் சேதம் என்று தெரிந்தால் மட்டும், ஸ்லீவுக்குச் செலவழிப்பது வீண். அப்போது வளையலைப் பற்றி யோசிக்கலாம்.

எஞ்சின் திரும்பி வந்ததும் தம்பிக்குச் சொல்ல வேண்டியதும் உண்டு. வந்த புதிதில் மருமகளை முழுச் சமையலுக்கும் ஏவக் கூடாது என்பார்கள். புது ஸ்லீவுக்கும் அதுதான் மரியாதை. முதலில் சில மணி நேரம் முழு வேகம் கூடாது. ஒரே வேகத்திலும் ஓட்டாமல் ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். கம்பெனி சொல்லியிருக்கிறபடி எண்ணெயைக் கூடுதலாகக் கலக்க வேண்டும். கரையோரத்திலேயே ஓட்டிப் பழக்கிவிட்டு, அப்புறந்தான் ஆழ்கடல். தினமும் கரை திரும்பியதும் பத்து நிமிஷம் நல்ல தண்ணீரை விட்டு ஓட்டி, உள்ளே இருக்கும் உப்பைக் கழுவிவிட்டால், நாம் சொன்ன முதல் காரணம் பெரும்பாலும் கிட்டே வராது. தண்ணீர் இல்லாமல் மட்டும் ஓட்டிப் பார்க்கக் கூடாது. ரப்பர்ச் சக்கரம் கருகிவிடும்.

இன்னும் ஒரே ஒரு விஷயம். பெஸ் அம்மையார் துடுப்பைத் தூக்கி எறியச் சொன்னார். அது ஏரிக்குச் சொன்ன யோசனை. கடலுக்குப் போகிறவர்கள் எத்தனை நல்ல எஞ்சின் வைத்திருந்தாலும், மிதவைச் சட்டையோடு இரண்டு துடுப்பையும் படகிலேயே வைத்திருக்கட்டும்!